பொன்னையா கொடுத்துத் தீர்த்த சாமான்கள்

எழுபத்தாறாம் வருஷத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒருவர் இந்தியாவுக்குப் போவதென்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் விண்ணப்பம் எழுதிப் போட வேண்டும். பிறகு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பழுப்பு நிற உறையில் பதில் வரும். அதை மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு குடும்பம் முழுவதும் பதுளைக்கு இறங்கி வந்து படம் பிடித்துக்கொள்ளும். அந்தப் படம் கண்டியில் உள்ள இந்திய அலுவலகத்துக்குப் போய்ப் பாஸ்போட்டாகத் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் கப்பலுக்கு நாள் குறிப்பார்கள். நாள் குறித்ததும் கடைசி வேலை தொடங்கும். சாமான்களைக் கொடுப்பது.

கப்பலில் ஏற்றக்கூடியது கொஞ்சம். அம்மிக்கல்லை யாரும் இராமேஸ்வரம் வரை தூக்கிப் போக முடியாது. ஆகவே புறப்படுகிறவர் தன் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் அறை வரிசையில், ஒவ்வொரு வாசலாகப் போய், இது உனக்கு, இது உனக்கு என்று கொடுத்துவிட்டு வருவார். அம்மி ஒரு வீட்டுக்கு, கம்பளி ஒரு வீட்டுக்கு, வாசலில் மேய்ந்த கோழி இன்னொரு வீட்டுக்கு. வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். ஏன் கொடுக்கிறாய் என்று கேட்பதில்லை. காரணம்தான் எல்லோருக்கும் தெரியுமே. கேட்டால் கொடுப்பவர் அழுதுவிடுவார் என்பதும் தெரியும். கேட்காமல் இருப்பதே அங்கே மரியாதை.

ஹுமைத் தோட்டத்துக்காரர் அல்ல. பதுளை பஸாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் படம் பிடிக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவரை நானா என்பார்கள். ஆனாலும் இந்த ஒழுங்கு முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஞாயிறு தோறும் நமுனுகுல பக்கத்திலிருந்தும் பசறைப் பக்கத்திலிருந்தும் பஸ்ஸில் வந்திறங்கும் குடும்பங்கள் நேரே அவருடைய மரப்படிகளில்தான் ஏறின. வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் விரித்து, அதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, குழந்தைகளின் தலையை நிமிர்த்தி, யாருடைய காதும் மறையாமல் பார்த்து அவர் படம் எடுப்பார்.

ஸ்டூடியோவின் ஒரு மூலையைக் கறுப்புத் திரைகள் இரண்டால் அடைத்து இருட்டறை ஆக்கியிருந்தார். உள்ளே சிவப்புக் காகிதம் சுற்றிய ஒற்றை விளக்கு. படம் கழுவும்போது திரையைத் திறக்க முடியாது. அதனால் வெளியில் காத்திருப்பவர்களோடு திரை வழியாகவே பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் தெரியாததாலோ என்னவோ, நேரில் சொல்லாததையெல்லாம் சனங்கள் அந்தத் திரையிடம் சொன்னார்கள். மருமகளின் வாய், கங்காணியின் குணம், போகிற ஊரில் தண்ணீர் கிடைக்குமா என்ற பயம். ஹுமைத் தட்டுகளை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். சிவப்பு வெளிச்சத்தில் குரல்கள் எங்கிருந்தோ மிதந்து வருவது போலிருக்கும்.

பொன்னையாவை அவருக்கு அப்படித்தான் தெரியும். நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், ஐம்பது வயது. போன ஆடி மாதம் அவருடைய ஒரே மகள் லெட்சுமி, புருஷன் வீட்டாரோடு பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க வந்தபோது பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தார். நீங்களும் போய் நில்லுங்கள் என்று ஹுமைத் சொன்னதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "நான் சிலோன் பிரஜைங்க, நானா. நான் உள்ள வந்து நின்னா அவங்க படம் செல்லாமப் போயிரும்" என்று ஒதுங்கி நின்றார். அவரும் மனைவி ரெங்கம்மாவும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுக் கிடைத்தவர்கள். மருமகன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதியவர்கள். ஒரே லயம், ஒரே அடுப்பு, இரண்டு நாடு. ரெங்கம்மா அதற்கு முந்திய வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். ஐப்பசியில் லெட்சுமியும் கப்பலடிக்குப் போகும் கோச்சி ரயிலில் ஏறினாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பொன்னையா தனியாகப் படியேறி வந்தார். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரிப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்றார். தான் மட்டும்.

ஹுமைத் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தார். விளக்கைப் போட்டால் முகம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து வரும் பகல் வெளிச்சம்தான் மூக்குக்கு நிழலும் கன்னத்துக்கு மேடும் கொடுக்கும் என்று வழக்கம்போல விளக்கம் சொன்னார். பொன்னையா பொறுமையாகக் கேட்டார். முகம் அமைதியாக இருந்தது. ஆடியில் பார்த்ததைவிட, கார்த்திகையில் பஸ் நிலையத்தில் வாடிப்போய்ப் பார்த்ததைவிட, தெளிந்த முகம். பாரம் ஒன்றை இறக்கி வைத்தவரைப் போல. மனுஷன் தேறிவிட்டார் என்று ஹுமைத் சந்தோஷப்பட்டார். போகும்போது பொன்னையா, படத்தை வாங்கத் தான் வரமாட்டேன், அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெரியாயி வருவாள், அவள் கையில் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதையும் ஹுமைத் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு விடியும்போதே மூடுபனி. பஸார் வீதி முழுவதும் வெள்ளையாகி, எதிர்க்கடையின் பெயர்ப்பலகை மட்டும் காற்றில் தொங்கியது. பத்து மணியளவில் பெரியாயியும் அவள் புருஷன் மாடசாமியும் வந்தார்கள். அவர்களுக்கும் பழுப்பு உறை வந்திருந்தது. படம் பிடித்து முடிந்ததும், பொன்னையாவின் படத்தைக் கையோடு தந்துவிடுகிறேன், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு ஹுமைத் இருட்டறைக்குள் போனார்.

தாளுக்குப் பஞ்சமான காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் ஒழுங்காக வருவதில்லை. பெரிய தாள் பெட்டியில் நாலே நாலு மிஞ்சியிருந்தன. ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து, நெகட்டிவ் வழியாக வெளிச்சத்தை அதன்மேல் எட்டு வினாடி விழ வைத்தார். பிறகு அந்த வெளிச்சத்தை அணைத்தார்.

இந்த இடத்தில்தான் அவருக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு. வெளிச்சம் பட்ட பிறகும் தாள் வெள்ளையாகத்தான் இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் முகம் முழுவதும் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. டெவலப்பர் தண்ணீரில் போட்டு ஆட்டினால் வரும். குளிர் நாளில் அந்தத் தண்ணீர் சோம்பிப் போகும். அதனால் போத்தலை முன்கூட்டியே சுடுதண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தார். தாளை உள்ளே நழுவவிட்டார். முதலில் தலைமயிர் வந்தது. பிறகு புருவம். பிறகு கண்மணிகள் இரண்டும், குளத்தின் அடியிலிருந்து மேலே வருகிறவை போல.

வெளியே பெரியாயி பேசிக்கொண்டிருந்தாள். பொன்னையா அண்ணன் அதிர்ஷ்டக்காரர். நாங்கள் ஏழு வருஷம் காத்திருந்தோம், மகள் போன பிறகுதான் அவர் எழுதிப் போட்டிருப்பார், அவருக்கு எப்படித்தான் இவ்வளவு சுருக்காக நாள் கிடைத்ததோ என்றாள். சாமானெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாராம். ரேடியோ சின்னராசாவுக்கு, கவ்வாத்துக் கத்தி மாடசாமிக்கு, கோழி தனக்கு.

"பாஸ்போட் எப்ப வந்துச்சுன்னுகூட மூச்சு விடலீங்க நானா. கமுக்கமான மனுசன்."

சிவப்பு வெளிச்சத்தில் ஹுமைதின் கை நின்றது. எந்தப் பாஸ்போட்? பாஸ்போட்டுக்கு வேண்டியது கட்டைவிரல் அளவுப் படம். அதை அவர் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. இந்த மனிதர் சிலோன் பிரஜை. அவருக்குக் கப்பலும் இல்லை, நாளும் இல்லை. தட்டுக்குள்ளிருந்து பொன்னையா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் இன்னும் வரவில்லை.

ஹுமைதுக்கு ஸரூக் என்று ஒரு தம்பி இருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அவனும் கொடுக்கத் தொடங்கினான். நல்ல சட்டைகளை மச்சானுக்கு, கைக்கடிகாரத்தைக் கூட்டாளி அஸீஸுக்கு. பிள்ளைக்குத் தாராள மனசு என்று உம்மா பெருமைப்பட்டார். ஒரு மாலை அவன் இதே திரைக்கு வெளியே வந்து நின்று, நானா, எனக்கு மனசு சரியில்லை என்றான். தாள் தண்ணீரில் இருந்தது. கொஞ்சம் பொறு என்று ஹுமைத் உள்ளேயிருந்து சொன்னார். வெளியே வந்தபோது அவன் போயிருந்தான். மறுநாள் கேட்கலாம் என்று நினைத்தார். கேட்டால் இல்லாத நினைப்பை உண்டாக்கிவிடுவோமோ என்று பயந்து கேட்கவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள்ளேயே அவன் தன்னை மாய்த்துக்கொண்டான். இருதய வருத்தம், அந்த நோயில் போனான் என்று ஊருக்குச் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளும் அதுவே ஆகிவிட்டது. பிறகு அவன் பெயரையே யாரும் எடுப்பதில்லை.

திரையைத் திறக்காதே என்பதுதான் அந்த அறையின் ஒரே சட்டம். வந்த படத்தை ஹைப்போ கரைசலில் போட்டு நிலைக்க வைக்கும்வரை அது வெளிச்சத்தைத் தாங்காது. ஹுமைத் இரண்டு திரைகளையும் ஒரே இழுப்பாக இழுத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் பகல் உள்ளே பாய்ந்து, தட்டில் இருந்த முகம் சாம்பலாகி, கறுத்து, ஒன்றுமில்லாமல் போயிற்று.

பொன்னையாவை எப்போது கடைசியாகப் பார்த்தாய் என்று பெரியாயியைக் கேட்டார். காலையில் தன் காம்பரா அறையைக் கழுவிக்கொண்டிருந்தார் என்றாள் அவள், ஒன்றும் விளங்காமல். ஹுமைத் ஸ்டூடியோவைப் பூட்டினார். பின்வீட்டில் இருந்த மனைவி ஜெனீராவிடம், தோட்டத்தில் ஒருத்தர் சாகப் போகிறார் என்று நினைக்கிறேன், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். அவள் ஒரு கணம் அவரையே பார்த்துவிட்டு, அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீங்க என்றாள்.

பஸ் பசறை வளைவுகளில் ஏறும்போது பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. ஹுமைத் சொன்ன சந்தேகத்தைக் கேட்ட பெரியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாடசாமிதான் தயங்கித் தயங்கிப் பேசினார். போவோம், பார்ப்போம், சும்மா வந்தோம் என்போம். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் கேட்க வேண்டாம் என்றார். சாகப் பார்ப்பது குற்றம், போலீஸ் கேஸாகிவிடும். அது மட்டுமில்லை.

"அதெல்லாம் வாயால சொல்லப்படாதுங்க நானா. மனசுல இல்லாட்டியும், சொன்னா உள்ள போய் ஒக்காந்துக்கும்."

எட்டு வருஷமாக ஹுமைதும் அதைத்தான் நம்பியிருந்தார். பனிக்குள்ளிருந்து தேயிலை நிரைகள் தோன்றி, சற்று நின்று, மறைந்தன. அதைப் பார்த்துக்கொண்டே அவர் தாளைப் பற்றி யோசித்தார். வெளிச்சம் படாத தாளை நாள் முழுக்க டெவலப்பரில் ஊறப்போட்டாலும் அதிலே ஒரு முகம் வராது. அவர் ஆரம்பக் காலத்தில் தவறுதலாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். வெள்ளையாகவே கிடக்கும். தண்ணீர் எதையும் தாளுக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. உள்ளே இருந்தால் மட்டும் காட்டும்.

அதையே மாடசாமிக்குச் சொன்னார். தாள் எப்படி, வெளிச்சம் எப்படி, தண்ணீர் எப்படி என்று ஒவ்வொன்றாக, கைகளைத் தட்டுப் போல வைத்து ஆட்டிக் காட்டிச் சொன்னார். "கேக்கிறது அந்தத் தண்ணி மாதிரித்தான். இல்லாத ஒண்டை அது உண்டாக்காது. உள்ள ஈந்தா வெளிய வரும். வந்தாத்தானே நமக்கு என்ன செய்யலாம்னு தெரியும்?"

மாடசாமி அதை வாயில் போட்டு மென்று பார்ப்பவரைப் போல இருந்தார். கடைசியில், தண்ணியிலயே படம் புடிக்கிற ஆளுக்கிட்ட நான் என்னத்தப் பேசுறது என்றார்.

லயம் பனியில் பாதி கரைந்திருந்தது. பொன்னையாவின் காம்பரா திறந்து கிடந்தது. உள்ளே தரை பளிச்சென்று இருந்தது. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. பெரியாயி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். ஹுமைத் பின்பக்கம் போனார். மரக்கறித் தோட்டத்து வேலிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றில் பொன்னையா உட்கார்ந்திருந்தார்.

எழுந்திருக்கப் போனவரை வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு ஹுமைதும் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். நேருக்கு நேராக அல்ல. இருவரும் பனியைப் பார்த்தபடி. பொன்னையா படத்தை எதிர்பார்த்து அவர் கையைப் பார்த்தார்.

"இல்லண்ணே. படம் கருகிப் போச்சு."

"நான் ஏற்கெனவே கருப்பு. அதுக்கு மேல கருக என்னாங்க இருக்கு?"

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மலை மீண்டும் அமைதியானது. யாருடைய வீட்டிலோ ரேடியோ பாடியது. அது பொன்னையாவின் ரேடியோ, இப்போது சின்னராசாவின் வீட்டில். ஹுமைதுக்குச் சும்மா வந்தேன் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"பொன்னையா அண்ணே, நான் நேராவே கேக்கிறேன். நீங்க சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

பனி ஒரு நிரையை மூடியது. இன்னொன்றைத் திறந்தது. பொன்னையா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். கத்தி பிடித்துக் காய்த்த கைகள்.

"ஆமாங்க" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. கோபம் இல்லை. அதிர்ச்சியும் இல்லை. தண்ணீரில் நெடுநேரம் மூழ்கி எழுந்தவரைப் போல ஒரு பெருமூச்சு வந்தது.

பிறகு அவர் பேசினார். ஹுமைத் இடையில் புகவில்லை. பேச்சு தளரும்போது மட்டும், அப்புறம் என்றார். ஒரு காரணம் என்று எதையும் எடுத்துக் காட்ட முடியவில்லை என்றார் பொன்னையா. ரெங்கம்மா போனது மட்டும் இல்லை. லெட்சுமியின் கடிதம் மூன்று மாதமாக வராதது மட்டும் இல்லை. கார்த்திகையிலிருந்து தூக்கம் இல்லை. சோறு மண் மாதிரி இருக்கிறது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கிறபோது தன் பெயரைக் கூப்பிடுவது யாரையோ கூப்பிடுவது போலக் கேட்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்கியிருக்கலாம். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்ததும் வெளியே போக ஒரு வாசல்தான் இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு மனசு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியோடுதான் படம் பிடிக்க வந்தார்.

"சாமான குடுக்கப் போறப்ப ஒவ்வொரு வாசல்லயும் கொஞ்ச நேரம் நின்னேங்க. யாராச்சும் ஏன்னு கேப்பாங்களான்னு பாத்தேன். எல்லாரும் கும்பிட்டு வாங்கிக்கிட்டாங்க."

ஹுமைதுக்குக் கண் கலங்கியது. அவர் ஸரூக்கைப் பற்றிச் சொன்னார். சட்டைகளை, கடிகாரத்தை, திரைக்கு வெளியே வந்து நின்றதை. "என்ட தம்பி அவனாத்தான் செத்துப் போனான். இருதய வருத்தம்னு ஊருக்குச் செல்லி வெச்சோம்" என்றார். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அந்த வாக்கியத்தை அவருடைய காதே கேட்டது.

பொன்னையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாகப் போகிறவர் இருக்கப் போகிறவரைத் தேற்றினார். "நீங்க அன்னிக்கி வெளிய வந்திருந்தாலும் என்ன நடந்திருக்கும்னு யாருங்க கண்டா? சின்னப் புள்ள. அவனுக்கும் சொல்ல வாய் வந்திருக்காது."

எப்போது என்று யோசித்திருந்தீர்கள் என்று ஹுமைத் கேட்டார். கேட்கத் தொடங்கிய பிறகு அடுத்த கேள்வி அவ்வளவு கஷ்டமாக இல்லை. படம் வந்து சேர்ந்த பிறகு என்றார் பொன்னையா. லெட்சுமிக்கு அனுப்ப ஒன்று இருக்க வேண்டுமே.

"அப்ப நான் அந்தப் படத்தை இப்போதைக்குப் போட மாட்டேன். தாளுக்கும் பஞ்சம்."

பொன்னையாவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தபோதே அழுகை வந்தது. ஹுமைத் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுது முடிந்ததும், அதற்கென்று வீட்டில் எதையாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பொன்னையா கைகாட்டிய இடத்திலிருந்து மாடசாமி அதை எடுத்துக்கொண்டு போய், எவர் கையிலும் அகப்படாதபடி அப்புறப்படுத்தினார்.

பெரியாயிக்கு மறைக்கத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தவள் வந்து முன்னால் நின்று திட்டினாள். கோழியை வாங்கிக்கொண்டு சிரித்துவிட்டு வந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு லயத்தின் வாசலுக்குப் போய், அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்: பொன்னையா அண்ணன் இந்தியாவுக்குப் போகவில்லை, சாகலாம் என்று இருந்தார், இப்போது நம்மோடு இருக்கிறார், ஆளுக்கு ஒரு ராத்திரி அவருக்குத் துணையாகப் படுக்க வர வேண்டும். ஹுமைத் திடுக்கிட்டார். இவ்வளவு பலமாகவா என்று தோன்றியது. பொன்னையாவைக் கேட்காமல் சொல்லிவிட்டாளே என்று அவர் முகத்தைப் பார்த்தார். பொன்னையா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

முதலில் ஒரு கதவும் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தது. சிலர் தூரத்தில் நின்றார்கள். ஒரு கிழவர், பாவம், பேசக் கூடாததைப் பேசுகிறீர்களே என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். சின்னராசா ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தான், நிறுத்த மறந்து. அது பாடிக்கொண்டே வந்தது. யாரோ தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண், தனக்கும் பிள்ளை பிறந்த வருஷம் அப்படித் தோன்றியது என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். அவள் புருஷன் அதை அன்றுதான் முதல் முதலாகக் கேட்டான்.

அன்று இரவு பொன்னையா மாடசாமியின் காம்பராவில் படுத்தார். ஹுமைதும் அங்கேயே தங்கினார். இருட்டில் யாராவது ஒருவர் ஏதாவது பேசிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பெரட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, பொன்னையா, ஹுமைத், மாடசாமி மூன்று பேருமாக முதல் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் நீள வரிசை. துண்டுச்சீட்டு எழுதுகிற மேசைக்கு ஒவ்வொருவராகப் போய் வருத்தத்தைச் சொல்ல வேண்டும். காய்ச்சல், இருமல், கால் வீக்கம். வரிசை நகர நகர மாடசாமிக்கு வியர்த்தது. தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே, மிச்சத்தை டாக்டரிடம் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று காதோடு சொன்னார். பொன்னையா ஹுமைதைப் பார்த்தார். ஹுமைதுக்கும் போலீஸை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்காகத் தான் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தார். தோளில் கையை மட்டும் வைத்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிராமலே, உடைந்த தமிழில், என்ன வருத்தம் என்று கேட்டார்.

"சாகணும்னு தோணுதுங்க. சாகாம இருக்கணும்னு வந்திருக்கேன்."

பேனா நின்றது. பின்னால் இருமிக்கொண்டிருந்தவர்களும் ஒரு கணம் நிறுத்தினார்கள். மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் முறையாகப் பொன்னையாவைப் பார்த்தார். பெயரைக் கேட்டார். மெல்ல எழுதினார். பிறகு துண்டைக் கையில் கொடுத்து அனுப்பாமல், தானே எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, வாங்க என்று பொன்னையாவின் முழங்கையைத் தொட்டு டாக்டரின் அறைக்குக் கூட்டிப் போனார். விடியலிலிருந்து காத்து நின்ற சனங்கள் வழிவிட்டார்கள். முறை தவறியதற்கு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஹுமைதும் மாடசாமியும் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். வழியில் சொல்லியனுப்பிய செய்தி கேட்டு ஜெனீரா ஒரு துணியில் ரொட்டி சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்டாள். உள்ளே டாக்டர் எதையோ சுருக்கமாகக் கேட்பது கேட்டது. அதற்குப் பதிலாகப் பொன்னையாவின் குரல், தாழ்ந்து, நிதானமாக, நீண்டுகொண்டே போயிற்று. மாடசாமி ஒரு ரொட்டியைப் பிய்த்தார். ஹுமைத் மனைவியின் பக்கம் திரும்பி, உனக்கு ஸரூக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றார். உள்ளே பேச்சு இன்னும் நிற்கவில்லை.